இருபத்தேழாம் எண் விடைத்தாள்

அத்தியாயம் 11

இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. அம்மாவும் மகளும் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போகக் கூடாது.

சட்டம் போட்டவள் மகள். ஒரு தம்பி இருப்பதால் வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். முப்பது வயதிலும் அது மாறவில்லை. வணிகக் கல்லூரி ஒன்றில் கிடங்கு மேலாண்மை என்ற புதுப் படிப்பு தொடங்கியபோது, பாடத்திட்டம் எழுதி, ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து, வகுப்பறைக்கு மின்விசிறி வாங்க நடையாய் நடந்து, கடைசியில் ஒருங்கிணைப்பாளர் என்ற நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். படிப்பு தொடங்கி ஒரு மாதம் ஆனபோது, அதில் நாற்பத்தோராவது ஆளாக வந்து சேர்ந்தவள் அவளுடைய அம்மா.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மருந்து விநியோகக் கம்பெனி ஒன்றின் கிடங்கில் இருபத்துநான்கு வருட வேலை. அதில் கடைசி ஆறு வருடம் 'பொறுப்பு'. அதாவது மேலாளர் செய்யும் எல்லா வேலையும் உண்டு, மேலாளர் என்ற பெயர் மட்டும் கிடையாது. அந்த ஆறு வருடத்தில் மூன்று மேலாளர்கள் வந்தார்கள். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று மூன்று பேருக்கும் கற்றுக்கொடுத்தது அம்மாதான். கற்றுக்கொண்டதும் வேறு நல்ல இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இப்போது நாற்காலி மறுபடி காலி. இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி என்ற இடத்தில் ஒரே வரி: மேலாளர் சங்கம் அங்கீகரித்த படிப்பு.

அந்த அங்கீகாரம் எல்லோர் தலைக்கு மேலும் தொங்கிக்கொண்டிருப்பது இந்தத் தொடரை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். கிடைத்தால், படித்து முடித்தவர்கள் சங்கத்தின் ஆறு தேர்வுகளை எழுதாமலே உறுப்பினர் ஆகலாம். கிடைக்காவிட்டால், கல்லூரி கொடுக்கும் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம். இறுதித் தேர்வின் மதிப்பெண்களைக்கூட வெளியே சொல்லாமல் உறையில் போட்டு வைத்திருந்தார்கள்.

சங்கத்தின் குழு இன்று வருகிறது. இரண்டு நாள் இருக்கும்.

பெரியவள் வழக்கம்போல ஏழே கால் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அம்மா ஏழே முக்கால் பஸ். மாணவர்களோடு குழு தனியாகப் பேசுவதற்குச் சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்து பேரில் அம்மாவின் பெயரும் வந்திருந்தது. அதற்காக லீவு போட்டிருந்தாள்.

குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சோப்பு, பல்பு, தையல்காரரிடம் துணி. மூன்று வரிகளுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு சாய்கோடு.

அந்தக் கோட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிடங்கில் சரக்கு அட்டை எழுதுகிறவர்கள், எழுதி முடித்ததும் மிச்சமிருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். பிறகு வேறு யாரும் அதில் எதையும் சேர்த்து எழுத முடியாது. அம்மாவுக்கு அந்தப் பழக்கம் விரலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைச் சீட்டு, பிள்ளைகளின் லீவு லெட்டர், பிறந்தநாள் வாழ்த்து அட்டை, எதையும் விட்டதில்லை. வாழ்த்துக்குக் கீழே யார் வந்து கூடச் சேர்த்து எழுதப்போகிறார்கள் என்று தம்பி ஒரு தடவை கேட்டான். எழுதிவிட்டால் என்ன செய்வாய் என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.

கல்லூரி வாசலில் நான்கு புதிய பூந்தொட்டிகள் இருந்தன. மாமாவின் ஏற்பாடு.

மாமா, அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. கல்லூரி அலுவலகத்தின் கண்காணிப்பாளர். காலை எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறப்பதும் அவர்தான், மாலையில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் அவர்தான். பணி ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி.

"பாதி மார்க் இந்தத் தொட்டிக்கே விழும் பாரு," என்றார் மருமகளிடம். "மிச்சப் பாதி பிஸ்கட்டுக்கு."

அக்கா மகளை இப்படிச் சிரிக்க வைத்தே வளர்த்தவர். இன்று அவள் சிரிக்கவில்லை.

பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவி, ஓய்வு பெற்ற பேராசிரியை. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் முடிந்த பிறகும் இரண்டு நொடி காத்திருப்பார், இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல. இரண்டாமவர் தொழிற்சாலைக்காரர்; பெரிய ஆலை ஒன்றில் சரக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தார். மூன்றாமவர் குறிப்பெடுக்க வந்த இளைஞர். வாயைத் திறக்கவே இல்லை.

தொட்டியையோ பிஸ்கட்டையோ யாரும் பார்க்கவில்லை. நேராக விடைத்தாள் கட்டைக் கேட்டார்கள்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. திருத்தி முடித்த தாள்களில் மூன்றைக் குழுவே உருவி எடுக்கும். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். முதலில் போட்ட மதிப்பெண்களைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, கேள்வித்தாள் தயாரித்த ஆசிரியரிடம் கொடுப்பார்கள். அவர் குழுவின் கண்ணெதிரே மறுபடி திருத்த வேண்டும். பழைய மதிப்பெண்ணுக்கும் புதியதற்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்தக் கல்லூரியின் மதிப்பெண்ணை நம்ப முடியாது என்று பொருள். அங்கீகாரம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

கேள்வித்தாள் தயாரித்தவள் பெரியவள்.

முதல் தாள், எண் ஒன்பது. அவள் போட்டது எழுபத்தொன்று. ஒட்டிய காகிதத்தைப் பிரித்தால் எழுபது. இரண்டாவது, எண் முப்பத்துநான்கு. அவள் ஐம்பத்தைந்து, பழையது ஐம்பத்தெட்டு. தொழிற்சாலைக்காரர் தேநீரைக் கையில் எடுத்தார்.

மூன்றாவது, எண் இருபத்தேழு.

முதல் பக்கத்தைப் புரட்டும்போது அதன் அடியில் மூன்று வரி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதில் மேலிருந்து கீழாக ஒரு சாய்கோடு.

பெரியவளின் கை பக்கத்தின் மேலேயே நின்றது. நாற்பத்தோரு தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்தபோது, அம்மாவின் தாள் அவளிடம் வரவே கூடாது என்று வீட்டிலேயே பேசி முடித்திருந்தார்கள். மாமா அந்தத் தாளை எப்போதும் இன்னொரு ஆசிரியரின் கட்டில் வைத்துவிடுவார். அந்த ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் வள்ளல். மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பதால் வந்த பெயர். அம்மாவின் எண் என்ன என்று பெரியவள் இரண்டு வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. இது எனக்குத் தெரிந்தவருடைய தாள், வேறு கொடுங்கள் என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் இருந்தது. சொன்னால் தலைவி அடுத்து என்ன கேட்பார் என்பதும் தெரிந்தது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உறவு உண்டா என்ற கேள்வி சங்கத்தின் உறுதிமொழிப் படிவத்தில் இருக்கிறது. அந்தக் கேள்விக்குக் கல்லூரி எழுதியிருந்த பதில் 'இல்லை'.

எழுதிய அன்று அது பொய் இல்லை. அம்மா சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம். தாள் பிரிப்பது, பஸ் பிரிப்பது, வாசலுக்குள் 'மேடம்' என்று கூப்பிடுவது, எல்லாவற்றையும் அந்தக் குடும்பம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தது. படிவத்தைத் திருத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவள் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

ஒரு மார்க் கூடுதலாகப் போட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. இரண்டு போடலாமா மூன்று போடலாமா என்று வந்த இடத்திலெல்லாம் இரண்டைப் போட்டாள். ஒன்றா இரண்டா என்று வந்தால் ஒன்று. ஐந்தாவது கேள்வி இருபது மதிப்பெண். நானூறு பெட்டி மருந்து லாரியில் வந்து இறங்குகிறது, பன்னிரண்டு பெட்டி நனைந்திருக்கிறது, கிடங்குப் பொறுப்பாளர் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. அவளே எழுதிய விடைக்குறிப்பில் ஐந்து படிகள் இருந்தன. முழுச் சரக்கையும் நிறுத்தி வை, சீட்டு ஒட்டு, தரப் பிரிவுக்குச் சொல், அனுப்பியவருக்குக் கடிதம் எழுது, பதில் வரும்வரை காத்திரு.

தாளில் இருந்த விடை வேறு மாதிரி தொடங்கியது. 'முதலில் லாரியை வெளியே விடக் கூடாது. நனைந்த பெட்டிகளை ஓட்டுநர் முன்னிலையில் எண்ணி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். லாரி போய்விட்டால் பெட்டி நம் கிடங்கில் நனைந்ததாக ஆகிவிடும்.'

குறிப்பில் ஓட்டுநரே இல்லை. பெரியவள் ஏழு போட்டாள்.

கூட்டிப் பார்த்தால் நாற்பத்தெட்டு. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும்.

இளைஞர் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிரித்தார். வள்ளல் போட்டது அறுபத்து மூன்று.

தலைவி இரண்டு எண்களையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். கோபப்படவில்லை. மாலையில் பேசிக்கொள்ளலாம் என்றார். கூடவே உட்கார்ந்திருந்த கல்லூரி முதல்வரின் முகத்தில் ஈயாடவில்லை.

மதிய இடைவேளையில் மாமா அவளை நகல் எடுக்கும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அவள் நடந்ததைச் சொன்னாள். கோடு என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. அக்காவின் சீட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்தானே.

"பதினஞ்சு மார்க்," என்றார். "நம்ம பொண்ணு நம்ம ஆளுக்குக் கூடப் போட்டுட்டான்னு ஊர் பேசும்னு பயந்தோம். நீ இப்படிக் கவுத்துட்டியே."

பிறகு குரலை இறக்கி, தெரிந்ததாகச் சொல்லவே வேண்டாம் என்றார். தாளில் எண்தான் இருக்கிறது. எண்ணுக்கு அம்மாவும் கிடையாது மகளும் கிடையாது. தொடர்ந்து மூன்று தாள் திருத்தியதில் களைத்துப்போய்விட்டாள், அவ்வளவுதான். களைப்புக்கு யாரும் தூக்கில் போட மாட்டார்கள்.

"அந்தப் படிவத்துல கையெழுத்து யாருது மாமா?"

மாமா நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார்.

"என்னோடதுதான்," என்றார்.

இரண்டு மணிக்கு மாணவர் கூட்டம். ஆசிரியர்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. மூலை வகுப்பறையில் ஐந்து மாணவர்கள், எதிரே மூன்று பேர். அம்மா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது.

வகுப்பு நேரத்துக்கு நடந்ததா, புத்தகம் கிடைத்ததா என்றெல்லாம் கேட்டார்கள். மதிப்பெண் நியாயமாகப் போடுகிறார்களா என்று தலைவி கேட்டார். மற்ற நான்கு பேரும் ரொம்ப நியாயம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். தலைவி வழக்கம்போல இரண்டு நொடி காத்திருந்தார்.

"ஒருங்கிணைப்பாளர் மேடம் கண்டிப்புன்னு சொல்லிக்கிறாங்க," என்றாள் அம்மா. "எனக்கு நேராத் தெரியாது. என் தாள் அவங்ககிட்ட போகாது."

ஏன் என்று கேட்டார் தலைவி.

"அவங்க என் பொண்ணு. அதனால."

இளைஞரின் பேனா நின்று, மறுபடி ஓடியது. தொழிற்சாலைக்காரர் அம்மாவை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா சொன்னாள். எத்தனை வருடம் என்றார். அதையும் சொன்னாள். அத்தோடு கூட்டம் முடிந்தது. அம்மா நான்கு மணி பஸ்ஸுக்குக் காத்திராமல் மூன்றரைக்கே கிளம்பினாள். மகள் நாலரை பஸ்ஸில் வருவாள், சட்டம் சட்டம்தான்.

நான்கு மணிக்கு முதல்வர் அறையில் பெரியவள் நின்றாள். உட்காரச் சொன்னபோதும் நின்றாள்.

தொழிற்சாலைக்காரர் இருபத்தேழாம் எண் தாளின் ஐந்தாவது விடையை மேசைமேல் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் அவள் எழுதிய விடைக்குறிப்பு.

"இந்த விடையை எழுதினவங்க லாரிக்குப் பின்னால நின்னவங்க," என்றார். "குறிப்பு எழுதினவங்க நின்னதில்ல."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு பெட்டியின் எடையைச் சொல்வதுபோலச் சொன்னார். பெரியவளுக்கு அதுதான் கனத்தது.

தலைவி சங்கத்தின் விதியை எடுத்துச் சொன்னார். பதினைந்து மதிப்பெண் வித்தியாசத்துக்கு விளக்கம் எழுத்தில் வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள். விளக்கத்தைக் குழு ஏற்றுக்கொண்டால், எல்லாத் தாள்களையும் வெளியிலிருந்து ஒருவரை வைத்துத் திருத்திவிட்டு இந்த மாதத்துக்குள்ளேயே முடிவு சொல்லலாம். ஏற்காவிட்டால் அடுத்த வருடம். உறுதிமொழிப் படிவம் உள்ள கோப்பையும் நாளைக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள்.

பெரியவள் கதவுவரை போன பிறகு அவர் ஒரு வார்த்தை சேர்த்தார்.

"எழுதும்போது எல்லாத்தையும் எழுதுங்க."

அந்த 'எல்லாத்தையும்' பஸ்ஸில் வீடுவரை அவளோடு வந்தது.

வீட்டில் அம்மா மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாணவர் கூட்டத்தில் கேட்ட கேள்விகளை அவளே வரிசையாகச் சொன்னாள். மகள் என்று சொன்னதையும் சொன்னாள், சோப்பு தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்லும் அதே குரலில்.

"சொல்லிட்டியா?"

"கேட்டாங்க. சொன்னேன். ஏன், சொல்லக் கூடாதா?"

பெரியவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அப்படியே நின்று, காலையில் நடந்ததை முழுதும் சொன்னாள். சாய்கோட்டிலிருந்து ஆரம்பித்தாள். அம்மா ஒரு சட்டையின் கைகளை உள்ளே மடித்து, காலரைச் சரிசெய்து, அடுக்கில் வைத்தாள்.

"எவ்வளவு போட்ட?"

"நாப்பத்தெட்டு."

"பாஸ் மார்க் அம்பது."

யாரோ ஒருவருடைய கணக்கைச் சரிபார்ப்பதுபோல அம்மா சொன்னாள்.

"அவர் அறுபத்து மூணு போட்டிருந்தாரும்மா."

"அவரு வெத்துத் தாளைக் குடுத்தாலும் அறுபத்து மூணு போடுவாரு." அம்மா அடுத்த துணியை எடுத்தாள். "அஞ்சாவது கேள்விக்கு என்ன போட்ட?"

"ஏழு."

அந்தத் துணியை அம்மா மடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மேலாளர்களுக்கு அவள் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது, லாரியை விடாதே என்பது. மூன்று பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மாமா வந்தார். கையில் தட்டச்சு செய்த காகிதம் ஒன்று. மருமகள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று எல்லாவற்றையும் அவரே தயாரித்துக் கொண்டுவந்துவிட்டார். 'தொடர்ந்து மூன்று தாள்களைத் திருத்தியதால் ஏற்பட்ட களைப்பு காரணமாக' என்று தொடங்கியது அது.

அம்மா வாங்கிப் படித்தாள். கிடங்கில் சரக்குச் சீட்டைப் படிக்கிற மாதிரி, விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு.

"இதுல எது நடந்தது?" என்று கேட்டாள்.

"அக்கா, விளக்கம்னு கேட்டா விளக்கம் குடுக்கணும். வாக்குமூலமா குடுப்பாங்க? இவ வேலை போயிடும். அங்கீகாரமும் போயிடும். நீ விண்ணப்பிக்கவே முடியாது. உனக்காகத்தான்கா சொல்றேன்."

மாமா சொன்னதில் முக்கால் பங்கு உண்மை. நாற்காலி காலியாக இருப்பது இந்த மாதக் கடைசிவரைதான். அடுத்த வருடம் அதில் நான்காவது மேலாளர் உட்கார்ந்திருப்பார். அம்மா அவருக்கு அலமாரிகளைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

அம்மா காகிதத்தை மடித்து மாமாவிடமே கொடுத்தாள். மகளைப் பார்த்து, உட்கார்ந்து கையால் எழுது என்றாள்.

பெரியவள் எழுதினாள். திருத்தும்போது அது தன் தாயாரின் விடைத்தாளாக இருக்கக்கூடும் என்ற ஐயம் ஏற்பட்டது என்று முதல் வாக்கியம்.

"ஐயமா?" என்றாள் அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து. "எந்தப் பக்கத்துல தெரிஞ்சுது உனக்கு?"

"முதல் பக்கத்துல."

"ஐயமா தெரிஞ்சுதா, நல்லாவே தெரிஞ்சுதா?"

"நல்லாவே."

"அப்ப அதை எழுது."

பெரியவள் அந்தத் தாளைக் கசக்கிவிட்டு வேறு தாள் எடுத்தாள். முதல் பக்கத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. கூடுதலாகப் போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் குறைத்துப் போட்டேன். ஐந்தாவது கேள்விக்கு நான் எழுதிய விடைக்குறிப்பே சரியில்லை. எழுத எழுத அவள் முதுகு நிமிர்ந்தது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"படிவத்தையும் எழுதட்டுமாம்மா?"

"டேய்," என்றாள் அம்மா தன் தம்பியை. "நான் சேர்ந்த பிறகு அந்தப் படிவத்தைத் திருத்தினியா?"

"இல்லக்கா."

"எழுது," என்றாள் மகளிடம். "மாமா பேரைப் போட வேண்டாம். கல்லூரி அலுவலகம் திருத்தவில்லைன்னு போடு."

"கல்லூரி அலுவலகம்னா அங்க பத்துப் பேரா இருக்கோம்?" என்றார் மாமா. "நானும் ஒரு பீரோவும்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை. எனக்கு மூன்று வருடம்தான் பாக்கி என்று மெதுவாகச் சொன்னார். அம்மா துணி அடுக்கை நேராக்கினாள். சிறு வயதில் அவர் உடைத்த பொருள்களுக்கெல்லாம் திட்டு வாங்கியவள் அவள்.

கடைசிப் பத்தியை அம்மா வாயால் சொன்னாள், பெரியவள் எழுதினாள். இருபத்தேழாம் எண் தாளுக்கு அறுபத்து மூன்றும் வேண்டாம், நாற்பத்தெட்டும் வேண்டாம். வெளியாள் திருத்திப் போடுவதே அதன் மதிப்பெண்.

"வெளியாள் அம்பதுக்குக் கீழ போட்டா?" என்று கேட்டாள் பெரியவள்.

"போட்டா ஃபெயில்."

"அம்மா."

"கையெழுத்துப் போடு."

அவள் போட்டாள். கையெழுத்துக்குக் கீழே கால் பக்கம் மிச்சம் இருந்தது. அம்மா பேனாவை வாங்கி மேலிருந்து கீழாக ஒரு சாய்கோடு இழுத்துவிட்டு, மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மாமா போய்வருகிறேன் என்றார். தட்டச்சுக் காகிதத்தை அவர் கிழித்துப் போடவில்லை. நான்காக மடித்து, சாவி இருந்த அதே பையில் வைத்துக்கொண்டார். அம்மா அதைப் பார்த்தாள். வாசல்வரை கூடவே போனாள்.

"டேய், அந்தப் படிவத்துல 'இல்லை'ன்னு எழுதினதுக்குக் கீழ இடம் இருக்கா?"

"ரெண்டு வரிக்கு இருக்கும். ஏன்?"

"கோடு போட்டிருக்கியா?"

மாமா ஸ்கூட்டரை உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தில் அவர் பதில் சொன்னாரா, சொல்லவில்லையா என்று தெரியவில்லை. தெருமுனையில் பின்விளக்கு திரும்பி மறைந்தது.

பெரியவள் வாசலுக்கு வந்து நின்றாள். எட்டு மணிக்கு மாமா அலுவலகத்தைத் திறப்பார். ஏழே கால் பஸ் கல்லூரிக்குப் போய்ச் சேர எட்டே கால் ஆகிவிடும். இடையில் கால் மணி நேரம், ஒரு பீரோ, ஒரு கோப்பு, இரண்டு வரி இடம்.

"முந்தின பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"ஆறே முக்கால்."

"அதுல போகலாம்."

"ரெண்டு பேருமா?"

அம்மா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும்தான்," என்றாள்.